பிளஸ் டூவுக்குப் பின் கடக்வாஸ்லா: தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேர நினைப்போரின் கேள்விகள்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் பொறியியல், மருத்துவம், கலைக்கல்லூரி என்று பிரியும் வழிகளுக்கு நடுவே, படை அதிகாரியாவதற்கான வழி ஒன்றும் இருக்கிறது என்பது தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் தாமதமாகவே தெரியவருகிறது. புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியைப் பற்றி மாணவர்களும் பெற்றோரும் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. இடங்களின் எண்ணிக்கை, உயரம், எடை போன்றவை அறிவிக்கைக்கு அறிவிக்கை சற்று மாறக்கூடியவை. ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டின் யுபிஎஸ்சி அறிவிக்கையை ஒரு வரி விடாமல் படித்த பிறகே எதையும் முடிவு செய்ய வேண்டும்.

இது கல்லூரியா, படை முகாமா?

இரண்டும்தான், ஆனால் சம அளவில் அல்ல. மூன்றாண்டுப் படிப்பின் முடிவில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் இளநிலைப் பட்டம் கிடைக்கிறது என்பதால் அதைக் கல்லூரி என்று சொல்வது தவறாகாது. இருப்பினும் அங்கே சேர்பவர் பட்டம் பெறுவதற்காகத் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. அதிகாரியாக நியமிக்கப்படுவதற்காகவே பதினேழு, பதினெட்டு வயதில் தேர்ந்தெடுக்கப்படுகிறார். பட்டம் அந்தப் பாதையில் உடன்வரும் ஒன்று. இந்த வேறுபாட்டை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொண்டால், கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு விடை தானாகவே தெளியும் என்பது என் எண்ணம்.

தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றுக்குமான மாணவர்கள் ஒரே வளாகத்தில், ஒரே உணவுக்கூடத்தில், ஸ்குவாட்ரன் எனப்படும் ஒரே மாணவர் பிரிவில் கலந்து வாழ்ந்து பயில்வது இந்த அகாடமியின் அடிப்படைக் கருத்து. கூட்டுப் பயிற்சி 1949 ஜனவரியில் டேராடூனில் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 6 அன்று நேரு கடக்வாஸ்லாவில் அடிக்கல் நாட்டினார். 1955 ஜனவரியில் அகாடமி முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. அதன் முகப்பாக விளங்கும் கட்டடத்தின் பெயர் சூடான் பிளாக். இரண்டாம் உலகப்போரில் கிழக்கு ஆப்பிரிக்கப் போர்முனையில் உயிரிழந்த இந்திய வீரர்களின் நினைவாகச் சூடான் அரசு அளித்த ஒரு லட்சம் பவுண்டில், பிரிவினைக்குப் பின் இந்தியாவுக்கு வந்த எழுபதாயிரம் பவுண்டு அதற்குப் பயன்பட்டது. வேறொரு நாட்டு மக்களின் நன்றிக்கடன் இந்தியப் படைக்கல்லூரியின் முகமாக நிற்கிறது என்பது அறிந்துகொள்ள வேண்டிய செய்தி.

யார் விண்ணப்பிக்கலாம்?

திருமணமாகாதவராக இருக்க வேண்டும். பயிற்சி தொடங்கும்போது வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் இடையில் இருக்க வேண்டும். தரைப்படைப் பிரிவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவு படித்தவரும் விண்ணப்பிக்கலாம். கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் படித்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருப்பவர்களும் எழுதலாம். வணிகவியல் மாணவர்கள் தங்களுக்கு இந்த வழி அடைபட்டது என்று எண்ணிவிடுகிறார்கள். தரைப்படையைப் பொறுத்தவரை அது உண்மையல்ல. ஆனால் தேர்வின் கணிதத் தாள் அவர்களுக்காகச் சலுகை எதையும் காட்டுவதில்லை.

எழுத்துத் தேர்வு எப்படிப்பட்டது? தமிழில் எழுத முடியுமா?

முடியாது. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. ஆண்டுக்கு இருமுறை, பொதுவாக ஏப்ரலிலும் செப்டம்பரிலும், யுபிஎஸ்சி இத்தேர்வை நடத்துகிறது. கணிதத்துக்கு 300 மதிப்பெண், பொதுத்திறன் தாளுக்கு 600 மதிப்பெண், ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மணி நேரம். பொதுத்திறன் தாளில் 200 மதிப்பெண் ஆங்கிலத்துக்கு உரியது. மீதி 400-இல் இயற்பியல், வேதியியல், வரலாறு, புவியியல், நடப்பு நிகழ்வுகள் எல்லாம் அடங்கும். தவறான விடைக்கு அந்த வினாவுக்குரிய மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும். விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அதுவும் இல்லை.

மாநிலப் பாடத்திட்டத்தில் தமிழ்வழியில் படித்த மாணவருக்குக் கணிதம் புதிதாக இராது; நூற்றிருபது வினாக்களை நூற்றைம்பது நிமிடத்தில் முடிக்கும் வேகமும், கேள்வியின் ஆங்கிலமுமே தடையாக நிற்கும். பதினொன்றாம் வகுப்பிலிருந்தே கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலப் பாடநூலை அருகில் வைத்துக்கொண்டு படித்தால், வேறு எந்தச் சிறப்புப் பயிற்சியும் தராத பலன் கிடைக்கும். முந்தைய ஆண்டு வினாத்தாள்கள் யுபிஎஸ்சி இணையதளத்தில் இலவசமாகவே உள்ளன.

எழுத்துத் தேர்வில் தேறிய பின் ஐந்து நாள் நேர்காணல் என்கிறார்களே?

நேர்காணல் அதில் ஒரு பகுதி மட்டுமே. எஸ்.எஸ்.பி. எனப்படும் தேர்வு வாரியத்தில் ஏறத்தாழ ஐந்து நாள் அங்கேயே தங்கி, மூன்று வேறு கண்களால் பார்க்கப்படுகிறீர்கள்: உளவியலாளர் ஒருவர் நீங்கள் எழுதியதை மட்டும் படிக்கிறார், குழுத்தேர்வு அதிகாரி மைதானத்தில் நீங்கள் பிறரோடு நடந்துகொள்ளும் விதத்தைப் பார்க்கிறார், நேர்காணல் அதிகாரி உங்களோடு நேரில் பேசுகிறார். எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண் என்றால் இதற்கும் 900. அதாவது ஆண்டுக்கணக்கில் படித்த கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள எடையே, நீங்கள் எப்படிப்பட்டவர் என்பதற்கும் தரப்படுகிறது.

முதல் நாளில் அறிவுத்திறன் வினாக்களும், ஒரு மங்கலான படத்தைப் பார்த்துக் கதை எழுதிப் பின் குழுவாக விவாதிக்கும் சோதனையும் நடக்கும். கணிசமானோர் அன்று மாலையே ஊர் திரும்பிவிடுகிறார்கள். எஞ்சியோருக்குப் படங்களைப் பார்த்துக் கதை எழுதுதல், பதினைந்து விநாடிக்கு ஒன்றாக வரும் அறுபது சொற்களுக்கு மனத்தில் முதலில் தோன்றுவதை எழுதுதல், அரை மணி நேரத்தில் அறுபது சூழ்நிலைகளுக்கு என்ன செய்வீர்கள் என்று எழுதுதல் ஆகியவை ஒரு நாள். பிறகு மைதானம்: பலகை, கயிறு, மரக்கட்டை ஆகியவற்றைக் கொண்டு, தரையைத் தொடாமல் குழுவாகத் தடைகளைக் கடக்க வேண்டும். விடை ஒன்றே என்று எதுவும் அங்கே இல்லை. அடுத்தவன் சொன்ன நல்ல யோசனையை ஏற்றுக்கொண்டு கட்டையைத் தூக்கப் போனவனும், தன் யோசனையே நடக்க வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தவனும் அதிகாரியின் குறிப்பேட்டில் வெவ்வேறு இடத்தில் பதிவாகிறார்கள்.

கடைசி நாள் மாநாடு. மூன்று மதிப்பீட்டாளர்களும் சேர்ந்து அமர்ந்திருக்க, ஒவ்வொருவராக உள்ளே சென்று சில கேள்விகளுக்கு விடை சொல்லி வெளியே வருவார்கள். அதன் பிறகு முடிவு வாசிக்கப்படும். ஐம்பது, அறுபது பேர் வந்த குழுவில் ஒருவருமே தேர்வாகாமல் போவதும் நடப்பதுண்டு. தமிழ்நாட்டிலிருந்து செல்வோர் பெங்களூரு, மைசூரு, போபால் ஆகிய ஊர்களில் உள்ள வாரியங்களுக்கு அழைக்கப்படுவதுண்டு.

விமானப்படையின் விமானிப் பிரிவுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை: கணினிவழி விமானித் தேர்வு ஒருமுறைதான். அதில் தவறியவர் பிறகு எந்த வழியிலும் விமானிக்குரிய பயிற்சிக்குத் திரும்ப முடியாது. எழுத்துத் தேர்வை மறுபடி எழுதலாம், எஸ்.எஸ்.பி.க்கு மறுபடி செல்லலாம். இதற்கு மட்டும் இரண்டாம் வாய்ப்பு இல்லை.

எஸ்.எஸ்.பி. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட வேண்டுமா?

மைதானத் தடைகளை முன்கூட்டியே பார்த்துவைத்தால் பதற்றம் குறையும். அந்த அளவுக்குத்தான் பயன். மனப்பாடம் செய்த கதைகளை அந்த உளவியலாளர்கள் ஆயிரக்கணக்கில் படித்துவிட்டார்கள் என்பதை மையங்கள் விளம்பரத்தில் சொல்வதில்லை.

உடல்தகுதியில் எங்கே தவறுகிறார்கள்?

பரிந்துரைக்கப்பட்ட பின் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் பார்வைக் குறைபாடு, நிறக்குருடு, முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிப்பது, தட்டைப்பாதம், காது, பல், அளவுக்கு மிஞ்சிய எடை ஆகியவை அடிக்கடி குறுக்கே நிற்கின்றன. சிலவற்றை அறுவைச் சிகிச்சையாலோ எடைக்குறைப்பாலோ சரிசெய்துகொண்டு மேல்முறையீட்டு மருத்துவக் குழுவின் முன் மறுபடி நிற்கலாம். நிறக்குருட்டுக்கு அப்படி ஒரு தீர்வு இல்லை. ஆகவே இரண்டாண்டு படித்து, ஐந்து நாள் தேர்விலும் வென்ற பின் ஒரு வண்ணப்புள்ளிப் படத்தின் முன் கனவு கலைவதைவிட, பத்தாம் வகுப்பிலேயே உள்ளூர்க் கண் மருத்துவரிடம் ஒருமுறை சோதித்துக்கொள்வது மேல். நண்பர்களோடு சேர்ந்து பச்சை குத்திக்கொள்ளும் ஆசை இருந்தால் அதையும் தள்ளிப்போடுங்கள். உடலின் எந்த இடத்தில் அனுமதி உண்டு என்பதற்கு விதி இருக்கிறது.

செலவு எவ்வளவு ஆகும்?

கல்வி, தங்குமிடம், உணவு, சீருடை, மருத்துவம் அனைத்தையும் அரசே ஏற்கிறது. சேரும்போது கைச்செலவுக்கும் சில உடைமைகளுக்கும் என்று பெற்றோர் ஒரு தொகை செலுத்த வேண்டியிருக்கும். மாதந்தோறும் சிறு கைச்செலவும் உண்டு. குறைந்த வருமானமுள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இதற்கும் அரசின் உதவித்தொகை இருக்கிறது. தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றின் ஓராண்டுக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இது செலவே அல்ல.

ஒரு தவறான செய்தி பரவலாக உலவுகிறது: சேர்ந்த நாளிலிருந்தே மாதம் 56,100 ரூபாய் கிடைக்கும் என்பது. அந்த உதவித்தொகை கடக்வாஸ்லாவின் மூன்றாண்டுகளுக்கு உரியதல்ல. அதற்குப் பின் டேராடூன் முதலிய அகாடமிகளில் நடக்கும் இறுதிக்கட்டப் பயிற்சிக்கு உரியது. அதிகாரியாக நியமனம் பெற்ற பிறகு அடிப்படை ஊதியம் அதே 56,100-இல் தொடங்கி, அதனோடு மாதம் 15,500 ரூபாய் படைப்பணி ஊதியமும் அகவிலைப்படியும் பிற படிகளும் சேரும்.

சேர்ந்த பிறகு பிடிக்கவில்லை என்றால் திரும்பி வரலாமா?

வரலாம், ஆனால் விலை உண்டு. சேரும்போது பெற்றோர் ஒரு பிணைப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார்கள். தன் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட காரணத்தால் மாணவர் நீக்கப்பட்டாலோ, தானாக விலகினாலோ, அதுவரை அவருக்கு ஆன பயிற்சிச் செலவைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்பது அதன் சாரம். வாரக் கணக்கில் கூடும் தொகை அது. எனவே முதல் மாதத்தில் விலகுவதும் நான்காம் பருவத்தில் விலகுவதும் ஒன்றல்ல. கையெழுத்திடும் தந்தையோ தாயோ அந்தத் தாளை ரயில் நிலையத்தில் அவசரமாகப் புரட்டக் கூடாது. வீட்டில், மகனையோ மகளையோ அருகில் வைத்துக்கொண்டு, வரி வரியாகப் படிக்க வேண்டும்.

விலகுவதற்கும் பின்தங்குவதற்கும் வேறுபாடு உண்டு. தேர்விலோ உடற்பயிற்சியிலோ தேவையான அளவை எட்டாதவர், அல்லது காயத்தால் பயிற்சி தவறியவர், ஒரு பருவம் கீழே இறக்கப்படுவார். உடன் சேர்ந்தவர்கள் ஆறு மாதம் முன்னே போய்விட, தனக்கு இளையவர்களாக இருந்தவர்களோடு வரிசையில் நிற்பது அந்த வயதில் கசப்பானதுதான். அப்படி நின்று மீண்டவர்கள் நல்ல அதிகாரிகளாகவும் ஆகியிருக்கிறார்கள்.

அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

விடியும் முன் எழுதல், அணிவகுப்பு அல்லது உடற்பயிற்சி, காலை உணவு, வகுப்புகள், பிற்பகல் விளையாட்டு, மாலையில் குளித்து முறையான உடையில் உணவு, படிப்பு, குறித்த நேரத்தில் விளக்கணைப்பு. எழுதும்போது எளிதாகத் தோன்றும் இந்தப் பட்டியலுக்குள் ஒளிந்திருப்பது, எதற்கும் போதாத நேரம். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மிதிவண்டிகளில் அணியாகச் செல்கிறார்கள். நீச்சல் உடையிலிருந்து வகுப்பு உடைக்கும், அங்கிருந்து அணிவகுப்பு உடைக்கும் சில நிமிடங்களில் மாறுகிறார்கள். தாமதமானால் அதற்கு உடலால் விலை கொடுக்கிறார்கள். அகாடமி வழக்கில் ரகடா என்று சொல்லப்படும் கூடுதல் உடல்தண்டனை முதல் பருவத்தினரின் அன்றாடப் பேச்சில் தவறாது வரும் சொல்.

தூக்கம் போதாது, விடியற்காலை அணிவகுப்புக்குப் பின் வகுப்பில் கண் சொருகும். இவற்றோடு குதிரையேற்றம், பத்து மீட்டர் உயரப் பலகையிலிருந்து நீரில் குதித்தல், துப்பாக்கிப் பயிற்சி, ஸ்குவாட்ரன்களுக்கிடையே மூண்டெழும் நெடுந்தூர ஓட்டப்போட்டி, பருவத்துக்கேற்பக் கடுமை கூடும் முகாம்கள் ஆகியவை வரும். நீச்சல் தெரியாமல் வருபவர்கள் ஏராளம்; அங்கேயே கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் ஊரில் இருக்கும்போதே ஓடிப் பழகாமல் வருபவர்கள் முதல் மாதத்திலேயே கால் எலும்பில் விரிசலோடு மருத்துவமனையில் படுப்பதுண்டு. சேருவதற்கு நான்கைந்து மாதம் முன்பிருந்தே ஓட்டத்தை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு வருவது, வாங்கிச் செல்லும் எந்தப் பொருளையும்விட முக்கியமானது.

கைபேசி நினைத்தபோது கையில் இராது. அம்மாக்களுக்கு இதுவே முதல் ஆறு மாதத்தின் பெரிய சோதனை.

இந்தி தெரியாத தமிழ் மாணவர் சமாளிக்க முடியுமா?

பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில். அணிவகுப்புக் கட்டளைகள் இந்தியில். உஸ்தாத் என்று அழைக்கப்படும் பயிற்றுநர்கள் பேசுவதும் பெரும்பாலும் இந்தியே. அறைத்தோழர்களின் கேலியும் அதே மொழியில்தான் முதலில் வந்து விழும். சில வாரங்களில் கட்டளைகள் காதுக்குப் பழகிவிடுகின்றன. ஓராண்டுக்குள் பேச்சும் வந்துவிடுகிறது. முன்பே ஓரளவு பேசப் பழகிக்கொண்டு போவதில் இழப்பேதும் இல்லை. மொழி தெரியாததால் ஒருவர் தேர்வாகாமல் போவதில்லை. அதை எண்ணி விண்ணப்பிக்காமல் விடுவதுதான் இழப்பு. 2000 முதல் 2002 வரை தரைப்படைத் தளபதியாக இருந்த சுந்தரராஜன் பத்மநாபன் இந்த அகாடமியில் பயின்றவர். மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நால்வருள் சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனும் அப்படியே.

அந்தப் பட்டத்துக்கு வெளியே மதிப்பு உண்டா?

சட்டப்படி அது பல்கலைக்கழகப் பட்டம். குடிமைப்பணித் தேர்வுக்கோ மேற்படிப்புக்கோ எந்தத் தடையும் இல்லை. பி.ஏ., பி.எஸ்சி., கணினி அறிவியலில் பி.எஸ்சி. ஆகியவற்றோடு, கடற்படை, விமானப்படை மாணவர்களுக்குப் பி.டெக். வழியும் இருக்கிறது, அதன் நான்காம் ஆண்டு அடுத்த அகாடமியில் முடிகிறது. ஆனால் ஒரு நல்ல கல்லூரியில் இயற்பியலில் தோய்ந்து படிக்க விரும்பும் மாணவர் அந்த ஆழத்தை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. அதிகாலை மூன்று மைல் ஓடிவிட்டு வந்தவனின் மூளை வெப்பஇயக்கவியலுக்கு எவ்வளவு இடம் தரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். படிப்பே முதல் காதல் என்றால் இந்த வழி உங்களுக்குரியதல்ல. அதைச் சொல்ல வெட்கப்படவும் வேண்டாம்.

அதே வேளையில் படைக்குள் படிப்பு நின்றுவிடுவதும் இல்லை. பொறியியல், தகவல்தொடர்புப் பிரிவுகளுக்குச் செல்லும் தரைப்படை அதிகாரிகள் புனே, மோவ், செகந்திராபாத் ஆகிய இடங்களிலுள்ள படைக்கல்லூரிகளில் பின்னர் பயில்கிறார்கள். இடைநிலை அதிகாரிகளுக்கான முப்படைப் பணியாளர் கல்லூரி நம் நீலகிரியின் வெலிங்டனில்தான் இருக்கிறது.

மூன்றாண்டு முடிந்ததும் அதிகாரி ஆகிவிடலாமா?

இல்லை. தரைப்படையினர் டேராடூனில் உள்ள இந்திய ராணுவ அகாடமிக்கும், கடற்படையினர் கேரளத்தின் எழிமலைக்கும், விமானப்படையினர் ஐதராபாத் அருகே துண்டிகலுக்கும் சென்று மேலும் பயிற்சி பெற்ற பிறகே நியமனம். தரைப்படையில் லெப்டினன்ட்டாகத் தொடங்கி இரண்டாண்டில் கேப்டன், ஆறாண்டில் மேஜர், பதின்மூன்றாண்டில் லெப்டினன்ட் கர்னல் என்பது பணிக்கால அடிப்படையில் வரும் உயர்வு. அதற்கு மேல் தேர்வுக்குழு. அங்கிருந்து மேலே செல்லச் செல்லக் கூம்பு குறுகுகிறது. நாற்பது வயதை ஒட்டிய அதிகாரிகள் பலர் தங்கள் எதிர்காலத்தை மறுபடி யோசிக்கும் இடமும் அதுவே. ஓய்வூதியத்துக்கு இருபதாண்டுப் பணி தேவை.

பெண்கள் சேரலாமா?

2021 ஆகஸ்ட் 18 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால் அந்தக் கதவு திறந்தது. அவ்வாண்டு நவம்பர் தேர்வைப் பெண்கள் முதன்முறையாக எழுதினர். 2022-இல் முதல் அணி உள்ளே நுழைந்தது. 2025 மே 30 அன்று அவர்களுள் 17 பேர் பட்டம் பெற்று வெளியேறினர். பயிற்சி பெரும்பாலும் ஆண்களோடு சேர்ந்தே நடக்கிறது. பெண்களுக்கான இடங்கள் இன்னும் மிகக் குறைவு என்பதால் தரவரிசையின் வெட்டு அவர்களுக்குக் கடுமையாக விழுகிறது.

பயிற்சியில் காயம்பட்டு வெளியேற நேர்ந்தால்?

இதைப் பெற்றோர் கேட்பதே இல்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்க வேண்டும். பயிற்சியில் உள்ள மாணவர் இன்னும் அதிகாரியாக நியமிக்கப்படாதவர். ஆகவே பயிற்சியின்போது முதுகெலும்பு முறிந்தோ தலையில் அடிபட்டோ மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்டவர், பணியில் ஊனமுற்ற அதிகாரிக்குரிய ஓய்வூதியத்தையோ முன்னாள் படைவீரர் என்ற நிலையையோ பெற முடியாமல், கருணைத்தொகை ஒன்றை மட்டும் பெற்றுவந்தார். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அதே மாதம், இப்படி வெளியேறியவர்களுக்கு முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்தின் சிகிச்சை வசதியை அரசு நீட்டித்தது. இப்படிப்பட்ட விபத்துகள் அரிது. அரிது என்பதற்காக அதைப் பேசாமல் விடுவது பதினேழு வயதுப் பிள்ளைக்குச் செய்யும் நியாயமல்ல. சேரும் ஆண்டில் காப்பீடும் இழப்பீடும் எந்த நிலையில் உள்ளன என்பதைச் சேர்க்கைத் தாள்களில் தேடிப் படியுங்கள்.

போர் வந்தால்?

அதற்காகத்தான் அந்தப் பயிற்சி. அருண் கேத்ரபால் 1967-இல் கடக்வாஸ்லாவில் சேர்ந்தார். 1971 ஜூனில் நியமனம் பெற்றார். அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று, பாகிஸ்தானுடனான போரின் பகுதியான பசந்தர் சண்டையில், எரியும் டாங்கியை விட்டு வெளியேற மறுத்துப் போரிட்டு இறந்தார். வயது இருபத்தொன்று, பரம்வீர் சக்ரா அவருக்கு இறப்புக்குப் பின் வழங்கப்பட்டது. அகாடமியின் அணிவகுப்பு மைதானம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒவ்வொரு அணியும் அதன் மீது நடந்துதான் வெளியேறுகிறது. நியமனத்துக்கும் மரணத்துக்கும் இடையே ஆறு மாதம். வீட்டில் இதை ஒருமுறையாவது வாய்விட்டுப் பேசாமல் விண்ணப்பத்தை அனுப்புவதை நான் ஏற்க மாட்டேன்.

எனக்கு விருப்பம், என் மகனுக்கு உறுதியில்லை. ஊக்குவிக்கலாமா?

தெரியப்படுத்தலாம், அழைத்துப்போய்க் காட்டலாம், ஓர் அதிகாரியோடு பேசவைக்கலாம். அதற்கு மேல் தள்ளக் கூடாது. தந்தையின் ஆசைக்காக வந்தவன் நேர்காணல் அறையில் இரண்டாம் கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடுவான். அங்கே தப்பினாலும், மழைக்கால இரவில் முதுகில் மூட்டையோடு மலையேறும்போது அவனைத் தாங்கிப்பிடிக்க அவனுடைய சொந்தக் காரணம் ஒன்று வேண்டும். மாறாக, மகன் விரும்பி நீங்கள் தயங்கினால், தயக்கத்தின் காரணத்தை அவனிடம் சொல்லுங்கள். ஒரே பிள்ளை என்ற கவலையும் மரியாதைக்குரிய காரணம்தான்.

இப்போது சேராவிட்டால் வாய்ப்பு போய்விடுமா?

போகாது, இதுவே நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் செய்தி. பட்டப்படிப்பை முடித்துவிட்டு ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு எழுதி டேராடூனுக்கோ, நம் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கோ செல்லலாம். 1963-இல் தொடங்கிய அந்தச் சென்னை அகாடமி ஏறத்தாழ பதினொரு மாதத்தில் குறுகிய காலப் பணி அதிகாரிகளை உருவாக்குகிறது. பத்தாண்டுப் பணி, விரும்பினால் மேலும் நான்காண்டு, தகுதியிருந்தால் நிரந்தரப் பணி. மேஜர் முகுந்த் வரதராஜன் அந்த வழியில் வந்தவர். கல்லூரியில் என்.சி.சி. ‘சி’ சான்றிதழ் பெற்றவர்களுக்கு எழுத்துத் தேர்வே இல்லாத நுழைவும் இருக்கிறது. தோளில் ஏறும் நட்சத்திரம் எல்லா வழியிலும் ஒன்றுதான். கடக்வாஸ்லா கூடுதலாகத் தருவது, பதினேழிலிருந்து இருபது வரை ஒன்றாக வளர்ந்த, முப்படையிலும் பரவியிருக்கும் தோழமை. கூடுதலாகக் கேட்பது அந்த மூன்றாண்டு இளமையை.

அக்னிவீரரும் இதுவும் ஒன்றா?

அல்ல. அக்னிபத் திட்டம் வீரர் நிலைக்கான நான்காண்டுச் சேர்க்கை. இது அதிகாரி நிலைக்கான நிரந்தரப் பணி. தேர்வும் ஊதியமும் பொறுப்பும் வேறு.

அமெரிக்காவில் உள்ள உறவினர் பிள்ளை வெஸ்ட் பாயிண்டுக்கு முயல்கிறான். அதுவும் இப்படித்தானா?

நோக்கம் ஒன்று, நடைமுறை வேறு. 1802-இல் தொடங்கிய வெஸ்ட் பாயிண்ட் நான்காண்டுப் படிப்பு. அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். பெரும்பாலோருக்குத் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் பரிந்துரை தேவை. கட்டணம் இல்லை; பட்டம் பெற்றபின் குறைந்தது ஐந்தாண்டு முழுநேரப் பணி செய்ய வேண்டும். நம் முறையிலிருந்து அது முக்கியமாக வேறுபடும் இடம் ஒன்று உண்டு: முதல் இரண்டாண்டுக்குள் விலகுபவர் பொதுவாக எதையும் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை, மூன்றாம் ஆண்டு தொடங்கும்போதுதான் கடப்பாடு இறுகுகிறது. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு மனம் மாற இரண்டாண்டு தரும் அந்த ஏற்பாடு நம்மிடமும் இருந்தால் நன்று என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

எந்த வகுப்பிலிருந்து தயாராக வேண்டும்?

திருப்பூர் மாவட்டம் அமராவதிநகரில் 1962 முதல் இயங்கும் சைனிக் பள்ளி ஆறாம், ஒன்பதாம் வகுப்புகளில் மாணவர்களைச் சேர்க்கிறது. டேராடூனில் உள்ள ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரி எட்டாம் வகுப்பில் சேர்க்கிறது; அதற்கான தேர்வைத் தமிழ்நாட்டில் டி.என்.பி.எஸ்.சி. நடத்துகிறது. இவை வசதிகளே தவிர நிபந்தனைகள் அல்ல; சாதாரண அரசுப் பள்ளி மாணவரும் பதினொன்றாம் வகுப்பில் தொடங்கித் தேற முடியும்.

பொறியியல் கலந்தாய்வும் இதுவும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வது?

நாட்காட்டியைப் புரிந்துகொண்டால் குழப்பம் குறையும். செப்டம்பர் தேர்வை எழுதியவருக்குப் பயிற்சி அடுத்த ஜூலையிலும், ஏப்ரல் தேர்வை எழுதியவருக்கு அடுத்த ஜனவரியிலும் தொடங்குகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும்போதே செப்டம்பரில் எழுதுவது இந்த வகையில் வசதியானது. பொதுத்தேர்வு முடிவும் இறுதித் தரவரிசையும் அடுத்தடுத்து வந்துவிடும். ஏப்ரலில் எழுதியவர் ஜனவரி வரை காத்திருக்க வேண்டும் என்பதால், கலந்தாய்வில் கிடைத்த கல்லூரியில் சேர்ந்து ஒரு பருவம் படிப்பதே அறிவுடைமை. ஐந்து நாள் தேர்வில் தேறுவோர் சிலரே என்பதை மறந்து கல்லூரி இடத்தைக் கைவிட்டவர்கள் பிறகு ஓராண்டை இழந்திருக்கிறார்கள். சேரும் கல்லூரியில் இடையில் விலகினால் கட்டணம் எவ்வளவு திரும்பும், மூலச்சான்றிதழ்கள் எத்தனை நாளில் கைக்கு வரும் என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடக்வாஸ்லாவில் சேரும் நாளில் மதிப்பெண் பட்டியலின் மூலப்படி கையில் இருக்க வேண்டும்; டிசம்பர் கடைசி வாரத்தில் கல்லூரி அலுவலகங்கள் விடுமுறையில் இருக்கும்.